குச்சியில் மாட்டிய மோதிரம்

மூட்டுவலித் தைலம் தடவிய காலை நீட்டிக்கொண்டு இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் புதையல் தேடவில்லை. எங்கள் மஞ்சக்குப்பத்துத் தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இங்கே ஒரு செய்தி தெருமுனையில் கிளம்பினால் மறுமுனைக்குப் போவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும்.

"ரிட்டயர் ஆனவங்க கோயில் கொளம்னு போவாங்க. இவங்க என்னடான்னா தோட்டத்துல கம்பிய ஆட்டிக்கினு நிக்கிறாங்க" என்று எதிர்வீட்டம்மா என் காதுபடவே சொன்னார்.

அது கம்பி இல்லை, மெட்டல் டிடெக்டர். என் மகள் வாங்கிக் கொடுத்தது. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள், இதைக் கேட்டேன். "அம்மா, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

உடம்புக்கு இருக்கிறது. வலது கை தோள்பட்டையைத் தாண்டி மேலே வராது. அதனால்தான் இத்தனை நாள் ஆசையை அடக்கி வைத்திருந்தேன். பழைய டிடெக்டர்களைத் தூக்கி ஆட்டினால் என் தோள் கழன்று கையோடு வந்துவிடும். இந்தப் புது மாதிரி கனமே இல்லாதது. பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்தபோது, ஏதோ ஒரு பாகத்தை அனுப்பாமல் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் அளவுகூட இல்லை. மூன்று குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று சொருக வேண்டும். அடியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து வரும் ஒயரைக் குழாயில் சுற்றிக்கொண்டே மேலே கொண்டுவர வேண்டும், இறுக்கியும் சுற்றக்கூடாது, தொளதொளவென்றும் விடக்கூடாது. அப்புறம் காதுக்கு ஹெட்போன்.

அதை மாட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். வேலை பார்த்த காலம் முழுக்க இதே போல ஒன்றை மாட்டிக்கொண்டு, யார் பேசினாலும் லைனைப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது மண்ணுக்கு ஆபரேட்டர் ஆகிவிட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மண்ணு இன்னா பேசுது?" என்றார்.

பேசியது. அதுதான் ஆச்சரியம். தோட்டத்தில் எங்கே நின்று ஆட்டினாலும் 'கிய்ங்' என்று கத்தியது. கிணற்றடி, வாழை மரத்தடி, துணி உலர்த்தும் இடம் என்று எங்கும் வெள்ளி என்று காட்டியது. எனக்குக் கைகால் ஓடவில்லை. மூன்று இடத்தில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிவிட்டேன். ஒன்றும் இல்லை. வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நெடுநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மொதல்ல ஒங்கால்ல இருக்கிற மெட்டியக் கழட்டு" என்றார். வட்டத்தைக் காலை ஒட்டியே ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கருவி செய்தவர்கள் எழுதி அனுப்பிய புத்தகத்தில் இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போடாதே என்று இருந்தது. மெட்டியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

வேடிக்கை போதும். நான் தேடியது ஒரே ஒரு பொருள். என் அண்ணியின் மோதிரம். நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் முந்திரித் தோப்பில் அது காணாமல் போனது.

இப்போது ஏன் என்று கேட்பீர்கள். போன தை மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். அண்ணி அங்கேதான் தெற்கு வீதிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். அண்ணன் போய் வெகு காலம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு மோதிரம் போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "பாப்பா, அந்தக் குச்சி எங்க போயிருக்கும்?"

எனக்குத் தலை நரைத்துப் பேரன் எடுத்தாலும் அவருக்கு நான் பாப்பாதான். எந்தக் குச்சி என்று நான் கேட்கவில்லை. அவர் அதைப் பற்றி வாய் திறந்து அப்போதுதான் முதல் முறை கேட்கிறேன்.

அந்தக் கோடைக்கு வருகிறேன்.

முந்திரித் தோப்பைப் பார்க்காதவர்களுக்கு அதன் மணத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பங்குனி பிறந்தால் பழம் விழ ஆரம்பித்துவிடும். அடியில் கொட்டை தொங்கும் மஞ்சளும் சிவப்புமான பழங்கள். கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தை அங்கேயே போடுவார்கள். அது வெயிலில் புளித்து ஒரு தித்திப்பு நெடி அடிக்கும். பழத்தைத் தின்றால் தொண்டை கரகரக்கும், ஆனாலும் தின்போம். என் பாவாடை எதிலும் முந்திரிக் கறை இல்லாத இடம் கிடையாது. அம்மா வெளுக்கப் பார்த்துச் சலித்துவிட்டார். மரத்தடியில் தகரச் சட்டியில் கொட்டையை வறுத்து, கல்லில் வைத்துக் கட்டையால் தட்டிப் பருப்பு எடுப்பார்கள். அந்தப் புகை கண்ணைக் கரிக்கும். கொட்டைத் தோலில் இருக்கும் பால் கையில் பட்டால் தோல் வெந்து உரிந்துபோகும். சாம்பலைத் தடவிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். விரலில் மோதிரம் இருந்தால் அதற்கு அடியில் பால் இறங்கிப் புண் வைத்துவிடும். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலைக்கு உட்காருமுன் மோதிரத்தைக் கழற்றித் தாலிக் கயிற்றில் கோத்துக்கொள்வார்கள். அங்கே அது காலங்காலமாக வந்த பழக்கம்.

அப்பாவுக்கு ஒரு பித்து உண்டு. மரத்தடி துடைத்துவிட்டது போல இருக்க வேண்டும். கொட்டை விழுந்தால் எட்டி நின்று பார்த்தாலும் தெரிய வேண்டும். பெண்கள் கஞ்சி குடிக்க எழுந்து போனதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு, விளக்குமாறும் கூடையுமாகக் கிளம்பிவிடுவார். சர்ர் சர்ர் என்று அந்தச் சத்தம் உச்சிவெயிலில் தோப்பு முழுக்கக் கேட்கும். அள்ளிய சருகை மூலையில் இருந்த பள்ளத்தில் கொட்டுவார். எங்கள் வீடு கட்டச் செம்மண் எடுத்த பள்ளம் அது. அதை மேடாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை.

அந்தப் பங்குனியில் அப்பாவின் சுண்ணாம்பு டப்பா காணாமல் போனது. கட்டைவிரல் நீளத்தில் பித்தளை டப்பா, மேலே மூடி. இடுப்பு மடியில் சொருகி வைத்திருப்பார். அது இல்லாமல் வீட்டில் என்ன ரகளை! அரிசிப் பானைக்குள்கூடத் தேடினோம். எருமைத் தொட்டியில் கையை விட்டு அண்ணன் துழாவினான்.

"எங்கனா வுழுந்திருக்கும். கெடைச்சா கெடைக்குது, வுடுங்களேன்" என்றார் அம்மா.

அடுத்த சந்தையில் அப்பா வேறு டப்பா வாங்கினார். பழையதுபோல் மூடி இறுக்கமாக இல்லை என்று சீசன் முடியும் வரை குறைபட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான்.

அந்த வருடம் தையில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணிக்கு ஊர் கீரப்பாளையம். நாலு பக்கமும் நெல்லும் தண்ணீருமாக இருக்கும் ஊர். அவர் முந்திரியைக் கடையில்தான் பார்த்திருக்கிறார். முதல் நாள் தோப்புக்கு வந்தபோது, "கொட்ட வெளிய தொங்குது, பழம் மேல இருக்குது, எல்லாம் தலகீழா இருக்கே பாப்பா" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. எனக்குச் சிக்கெடுத்துத் தலை பின்னுவது அவர்தான். அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும், அண்ணி பின்னினால் தூக்கம் வரும்.

கல்யாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போட்ட மோதிரம் அது. மேலே நெல்மணி போல ஒரு சின்ன வேலைப்பாடு. நெல் விளையும் ஊர்ப் பெண் என்பதால் அம்மாவே தேடி எடுத்தது. எனக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கப் பிடிக்கும்.

மோதிரம் தொலைந்த அன்றைக்கு அண்ணியும் கொட்டை தட்ட உட்கார்ந்தார். மோதிரத்தைக் கழற்ற வேண்டும். தாலிக் கயிற்றில் கோக்க முடியாது. புதுத் தாலியை ஆடிப்பெருக்கன்று பிரித்துக் கோர்க்கும் வரை கயிற்றின் முடிச்சை அவிழ்க்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். மற்ற பெண்களுக்கு இருந்த வழி புதுப்பெண்ணுக்கு இல்லை. அவர் தன் ஊரில் செய்வதைச் செய்தார். அங்கே நடவுக்கு இறங்கும் பெண்கள் வரப்பில் ஒரு குச்சியை நட்டு, அதில் மோதிரத்தை மாட்டி, மேலே ஓர் உருண்டை சேற்றை அப்பிவைத்துவிட்டு இறங்குவார்களாம். கரை ஏறும்போது எடுத்துக்கொள்வார்களாம். வரப்பில் நட்ட குச்சியை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். அண்ணி தனக்குப் பின்னால் மரத்தடியில் ஒரு குச்சியை நட்டு, மோதிரத்தை மாட்டி, செம்மண்ணைக் குழைத்து மேலே வைத்தார்.

சாயங்காலம் பார்த்தால் குச்சி இல்லை.

"குச்சி நட்டு மாட்டி வச்சேன் அத்த" என்று அம்மாவிடம் சொன்னார்.

வேலைக்கு வந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். "முந்திரிக்காட்டுல குச்சியில யாராவது மோதிரத்த மாட்டுவாங்களா? கத நல்லாக் கீது."

மரத்தடி மண்ணையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கிடைக்கவில்லை. மறுநாள் யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அண்ணியின் தங்கை அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கழற்றிக் கொடுத்திருப்பாள், தங்கை முடிந்துகொண்டு போயிருப்பாள் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது.

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. இரவுச் சாப்பாட்டில் அண்ணி ரசம் ஊற்றும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போனது போவட்டும். கூடப் பொறந்தவளுக்குச் செய்யணும்னு யாருக்கும் தோணும். இனிமே இந்த வூட்டுல அத யாரும் பேசக்கூடாது."

அண்ணியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"மாமா, நான் குடுக்கல."

"நான் ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றார் அப்பா.

அன்றைக்கு அப்பாவை நான் எவ்வளவு பெரிய மனிதர் என்று நினைத்தேன் தெரியுமா? அடிக்கவில்லை, திட்டவில்லை, பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. மன்னித்துவிட்டார். இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு எரிகிறது. செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கொடுத்தால் அதை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது? அவர் கேட்டிருந்தாலாவது அண்ணி பதில் சொல்லியிருப்பார். கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டார். அப்பா நல்லவர்தான். நல்லவர் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள், அதுதான் வினையாகப் போனது.

அதற்குப் பிறகு பீரோச் சாவி அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை, அம்மா சாகும்வரை. அண்ணியின் தங்கை எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. அண்ணி எதையும் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தலை பின்னினார், பிள்ளைகளைப் பெற்றார், அம்மா கடைசியில் படுத்த படுக்கையானபோது மலச்சட்டி பிடித்ததும் அவர்தான். ஆனால் விரலில் மட்டும் பிறகு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் வாங்கித் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் அவர் குச்சியைக் கேட்டதும், ஊருக்கு வந்து மகளிடம் டிடெக்டர் கேட்டேன். இன்னொரு அவசரமும் சேர்ந்துகொண்டது. தோப்பு இப்போது அண்ணன் அண்ணியின் மகன் கையில் இருக்கிறது. "அத்த, மூலப் பள்ளத்த ரொப்பி, தோப்ப மட்டம் பண்ணி, கொட்ட காய வைக்க சிமெண்டுக் களம் போடப்போறேன். வைகாசியில ஜேசிபி வருது" என்றான். ஜேசிபி வந்து புரட்டிவிட்டால் என் தேடல் அதோடு முடிந்தது.

மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடத்தை ஒழுங்காக ஆரம்பித்தேன். என் மோதிரம், ஒரு ஆணி, ஒரு ரூபாய்க் காசு, பிஸ்கட் உறையின் ஜரிகைத்தாள் எல்லாவற்றையும் தோட்டத்தில் வேறுவேறு ஆழத்தில் புதைத்து, ஒவ்வொன்றும் காதில் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பழகினேன். இரும்பு அடித்தொண்டையில் உறுமும். பித்தளை கணீர் என்று மேலே எழும். தங்கம்தான் ஏமாற்றியது. சின்னத் தங்க மோதிரமும் ஜரிகைத்தாளும் இதன் காதுக்கு ஒன்றே. கொஞ்சம் சோர்ந்துபோனேன். தங்கம் வேண்டும் என்றால் குப்பையையும் தோண்டித்தான் ஆக வேண்டும் என்று புரிந்தது. காலையில் சில்வர் பீச்சுக்குப் போய் மணலில் பழகினேன். சோடா மூடியாக அள்ளினேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று நின்று பார்த்தார்கள். கடைசியில் மணலுக்கு அடியில் பேசுவது எது, சும்மா முணுமுணுப்பது எது என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. கரகரத்த லைனில் மனிதக் குரலைப் பிரித்து எடுத்த காது அல்லவா.

சித்திரையில் தோப்புக்குப் போனேன். செம்மண்ணில் இரும்புச் சத்து ஜாஸ்தி. கருவியைத் திறந்ததுமே நிலம் முழுக்கக் கொரகொரவென்றது. வட்டத்தைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, இதுதான் உன் மண், இதைக் கண்டுகொள்ளாதே என்று அதற்குப் பழக்க வேண்டும். அது கேட்கும் கூர்மையையும் குறைத்து வைத்தேன். அப்புறம்தான் அடங்கியது.

அண்ணி உட்கார்ந்த மரம் ஒரு புயலில் போய்விட்டது. இடம் மட்டும் எனக்கு நினைவிருந்தது. அங்கே காலை முழுக்க ஆட்டினேன். ஆணி, சைக்கிள் போக்ஸ் கம்பி, டார்ச்சு பேட்டரிக் கட்டையின் மூடி, ஜரிகைத்தாள், ஜரிகைத்தாள், இன்னும் ஜரிகைத்தாள்.

"அத்த, காயலாங்கட வச்சிடலாம் போலக் கீதே" என்றான் அண்ணன் மகன்.

மனசு விட்டுப்போனது. வெயிலும் ஏறிவிட்டது. மூலைப் பள்ளத்து ஓரம் கொஞ்சம் நிழல் இருந்தது. மேலே இருந்த மக்கிய சருகையெல்லாம் உரத்துக்கு அள்ளிவிட்டிருந்தான், கறுத்த மண் தெரிந்தது. அங்கே போய் உட்காருவோம் என்று கருவியை அணைக்காமலே இழுத்துக்கொண்டு நடந்தேன். ஹெட்போனில் கணீரென்று ஒரு குரல். காலைப் பார்த்தேன். மெட்டி இல்லை. திரும்பவும் அந்த இடத்தின் மேலே கொண்டுபோனேன், திரும்பவும் கணீர்.

முழங்கை ஆழம்கூட இல்லை. பச்சைக் களிம்பு ஏறிய ஒரு டப்பா. மண்ணைத் தட்டினேன். மூடி இறுக்கமாக இருந்தது.

அப்பாவின் சுண்ணாம்பு டப்பா.

பள்ளத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காதில் சர்ர் சர்ர் என்று அந்த விளக்குமாற்றுச் சத்தம். மத்தியானம் பெண்கள் கஞ்சி குடிக்கப் போவார்கள், அப்பா குனிந்து பெருக்குவார், மடியிலிருந்து டப்பா கூடைக்குள் நழுவும், கூடை இங்கே கவிழும். டப்பா இங்கே வந்திருக்கிறது என்றால்? மரத்தடியில் மண்ணுருண்டையோடு ஒரு குச்சி நட்டிருந்தால், மரத்தடி துடைத்தாற்போல் இருக்க வேண்டும் என்கிற மனிதர் அதை என்ன செய்வார்? பிள்ளைகள் விளையாட்டு என்று பிடுங்கிச் சருகோடு சேர்த்து அள்ளிவிட மாட்டாரா? கீரப்பாளையத்தில் யாரும் தொடாத குச்சி, இங்கே வெறும் குப்பை. மண்ணைச் சலித்தவர்கள் குப்பைப் பள்ளத்தைச் சலிக்கவில்லை. அப்பா பெருக்குவது தினமும் நடப்பது. சூரியன் உதிப்பதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

அண்ணன் மகனிடம் ஒன்றும் சொல்லாமல் அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணி, நாளைக்கு வரீங்களா? தோப்புக்கு."

"காலு ஒத்துழைக்குமா தெரியல. ஆனா வரேன் பாப்பா."

மறுநாள் சிதம்பரத்திலிருந்து வடலூர் பஸ்ஸில் வந்து, குறிஞ்சிப்பாடிக்கு மாறி, காலை வெயில் ஏறுமுன்னே வந்து நின்றார். டப்பாவைக் காட்டினேன். நான் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், மரம் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"மாமா பெருக்குனாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிறகு கையை நீட்டினார். "குடு. நான் ஆட்டுறேன்."

கையிலிருந்த வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பத்திரம். குச்சியில மாட்டிடாத" என்று சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டேன். வெள்ளை முடி அழுந்திக்கொண்டது.

"இவ்ளோதான் கனமா?" என்றார்.

"அதுக்குதான் அண்ணி வாங்கினேன். தரைய ஒட்டியே ஆட்டணும். ரெண்டு ஓரத்துலயும் மேல தூக்கிடக் கூடாது."

"மாமா பெருக்குற மாதிரி."

"ஆமா. மாமா பெருக்குற மாதிரி."

நான் அவசரக்காரி. அவர் நடவு நட்ட கை. ஒரு முழம் அளவுக்கு மண்ணை முடித்துவிட்டுத்தான் அடுத்த முழத்துக்குப் போனார். சத்தம் வந்த இடத்தையெல்லாம் நான் தோண்டினேன். ஒரு பழைய பூட்டு. ஜரிகைத்தாள். ஒரு தகரத் துண்டு. மறுபடி ஜரிகைத்தாள். ஒவ்வொரு முறையும் நான் அவசர அவசரமாக மண்ணை விரலால் பிசைந்து பார்த்தேன். அவர் மட்டும், "இல்லியா? சரி, அடுத்தது" என்று நகர்ந்தார். அண்ணன் மகன் டீ கொண்டுவந்தான், ஆறிப்போனது.

பள்ளத்தின் உட்சரிவில் ஓரிடத்தில் நின்றார். வட்டத்தை அப்படியும் இப்படியும் கொண்டுபோனார். "பாப்பா, இது சின்னக் குரலா இருக்கு."

"ஜரிகத்தாளா இருக்கும் அண்ணி. அதுவும் அப்பிடித்தான் கேக்கும்."

"இருக்கட்டும். தோண்டு."

கறுத்த மண்ணுக்குக் கீழே ஒரு செம்மண் உருண்டை வந்தது. அந்தக் கறுப்புக்குள் அது மட்டும் சிவப்பாக, இறுகிப்போய் இருந்தது. நான் உடைக்கவில்லை. அண்ணியின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் கட்டைவிரலால் அழுத்தினார், உருண்டை பிளந்தது. குச்சி மக்கிப் போய் அதன் நடுவில் ஒரு துளை மட்டும் இருந்தது. துளையைச் சுற்றி மோதிரம். தங்கத்துக்குத் துரு ஏறுவதில்லை. முந்தானையால் ஒரு முறை துடைத்ததும் நெல்மணி பளிச்சென்று தெரிந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், அவனுக்கு விஷயமே தெரியாது. அண்ணி அழவில்லை. மோதிரத்தை ஒரு கையிலும் சுண்ணாம்பு டப்பாவை இன்னொரு கையிலும் வைத்து நிறுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே எடத்துலதான் கெடந்துருக்கு" என்றார். "மாமா டப்பா காணாமப் போனப்ப, அத அவுரு யாருக்குக் குடுத்தாருன்னு ஒருத்தரும் கேக்கல இல்ல?"

அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. இருப்பவள் நான் ஒருத்தி. "அண்ணி, எங்க வூட்டுக்காரங்க எல்லாருக்காகவும் நான் கேட்டுக்கறேன்" என்று ஆரம்பித்தேன்.

"நீ எதுக்குடி? நீ சின்னப் புள்ள" என்றார். "எந்தங்கச்சிக்குப் போன் போடு. அவ பேரத்தான் கெடுத்துட்டாங்க."

கீரப்பாளையத்துக்கு நான்தான் லைன் போட்டேன். மணி அடித்தது. எடுத்ததும், "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க, அக்கா பேசறாங்க" என்றேன். பழைய பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்பீக்கரைப் போட்டு அண்ணியிடம் நீட்டினேன்.

"அடியே, மோதிரம் கெடச்சிடுச்சு."

"எந்த மோதிரம்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். உடனே, "அதுவா?" என்றது.

"அதான். மாமா குப்பையோட வாரிக் கொட்டியிருக்காரு. இங்கியேதான் கெடந்துச்சு."

"அக்கா, எங்கல்யாணத்துக்கு நான் மோதிரமே வேணாம்னுட்டேன், ஒனக்குத் தெரியுமா? எத மாட்டுனாலும் இதுதான் அதுன்னு சொல்லுவாங்களேன்னு. இன்னி வரைக்கும் போடல."

அக்காவும் தங்கையும், ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமலே, இத்தனை காலம் வெறும் விரலோடு இருந்திருக்கிறார்கள். அண்ணிக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. மோதிரத்தைத் தன் விரல் நுனி வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு அதைப் பத்திரம் என்பதுபோல் என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போனில் சொன்னார்.

"இந்தா பாரு, அன்னிக்கு எல்லாரும் சொன்னாங்களே, ஒனக்குக் குடுத்துட்டேன்னு. அன்னிக்கு நான் குடுக்கலடி. இப்ப குடுக்கப் போறேன்."

"எப்பக்கா பஸ் ஏறுற?" என்றாள் தங்கை.